தாம்பாளத் துரையின் முழங்கால்

இதை எனக்கு முதலில் சொன்னவள் சலேத்தம்மாள். எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதம், கொடைக்கானலில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில். உள்ளே என் பெரிய மகளுக்குத் தலைப்பிரசவம். சலேத்தம்மாளின் மருமகளுக்கு மூன்றாவது. ஒரே பெஞ்சு, ஒரே குளிர், இரண்டு பேர் கையிலும் ஜெபமாலை. ஐம்பத்து மூன்று மணி ஜெபமும் சொல்லி முடித்து, இனி கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஓய்ந்தபோது, தான் பதினோரு வருஷம் சமைத்துப் போட்ட ஒரு வெள்ளைக்காரரைப் பற்றி அவள் பேச ஆரம்பித்தாள். ஒரே ஒரு காலை நேரத்துச் சங்கதிதான். அந்தக் காலையில் அவர் மனசுக்குள் ஓடினதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். “அதுக்கப்புறம் மூணு வருசம் உசுரோட இருந்தாருல்ல, தெனமும் அதையேதான சொல்லிக்கிட்டிருந்தாரு” என்றாள்.

அவர் பெயர் லயனல் தர்ஸ்டன். கடைத்தெருவில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாது. தாம்பாளத் துரை என்றால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். மார்கழி பிறந்தால் போதும், படுக்கப் போகுமுன் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் புல்தரையில் வைத்துவிடுவார். விடிந்ததும் அது உறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். உறைந்திருந்தால் அன்றைக்கு முகம் தெளிவாக இருக்கும். இல்லாவிட்டால் காபியில் குற்றம் சொல்லுவார். ஐம்பத்து நாலாம் வருஷம் ஜனவரியில் அந்த வியாழக்கிழமை அது உறைந்திருந்தது.

“தொரே, இன்னிக்கு நல்லாப் புடிச்சிருக்கு” என்று சலேத் தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்து வராந்தாவில் அவர் நாற்காலிக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள். “கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க. எங்க வீட்டுல இருந்தா இந்நேரம் எங்க சின்னவன் இதுல மூஞ்சி பாத்துத் தலை சீவியிருப்பான்.”

“வெயில் படாத எடத்துல வை.”

“வெயிலு எட்டரைக்கெல்லாம் இங்கதான வரும். வேணா நான் போயி அதுகிட்டச் சொல்லிப் பாக்குறேன்.” சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். “தொரே, இன்னிக்கு வெசாழக்கெழமை. பதினோரு மணிக்குத் தபாலாபீசுல சீமைப் பையக் கட்டிருவாங்க. எழுதணும் எழுதணும்னு மூணு வாரமாச் சொல்றீங்க.”

“எழுதுறேன்.”

“எழுதி வையுங்க. வெங்காயம் வாங்கப் போறப்பப் போட்டுட்டு வந்துர்றேன். சூப்புக்கு நாலு கேரட்டும் புடுங்கி வச்சிருங்க” என்று சொல்லி அவள் உள்ளே போனாள்.

எழுதுகிறேன் என்றுதான் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சொல்லச் சொல்ல எழுதிவிட்ட மாதிரியே ஆகிவிடுகிறது என்று துரை நினைத்தார். பதில் கேட்டு வந்த கடிதம் கோட்டுப் பையில் இருந்தது. பிஸ்கட் டப்பாவுக்கு அடியில் இரண்டு வாரம், வேதப்புத்தகத்துக்கு அடியில் ஒரு வாரம் இருந்துவிட்டு நேற்றுத்தான் பைக்குள் வந்திருந்தது, அவரை நோக்கி ஒவ்வொரு அடியாக நகர்ந்து வருகிற மாதிரி. எடுக்கவில்லை. விரல் நகத்தால் தாம்பாளத்து ஐஸைத் தட்டினார். டிக் என்றது. மெல்லிசு, நகத்தின் கனம்கூட இருக்காது. அந்தச் சத்தத்தில் எப்போதும் போல வெள்ளம் பாய்ந்து நின்ற புல்வெளி வந்தது. அவர் பிறந்த ஊரில் ஆறு பொங்கி வயல்களில் நிற்கும், அது அப்படியே கல்லாகிவிடும், பத்து வயதில் அப்பாவின் ஜவுளிக் கடையிலிருந்து நழுவிப்போய் வளைந்த கழியால் பந்தடித்த நாட்கள். அவருக்குச் சறுக்க வராது. கணுக்கால் உள்பக்கம் மடிந்துவிடும். சறுக்கத் தெரியாதவனைக் கோல் காக்க நிறுத்து என்பார்கள், நிறுத்தினார்கள், அங்கேயே நின்றுவிட்டார். பிறகு லண்டனில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா வேலை. கூரை போட்ட ஒரு ஐஸ் மைதானம் இருந்தது; குழாய் வைத்துத் தரையை உறைய வைப்பார்கள்; சீமான்களும் சீமாட்டிகளும் பாண்டு வாத்தியத்துக்குச் சறுக்க வருவதற்கு முன்னால் காலையில் ஒரு மணி நேரம் ஐஸ் ஹாக்கிக்காரர்களுக்கு விடுவார்கள். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர், பந்துக்குப் பதில் ஒரு ரப்பர் வட்டு. பூட்ஸுக்கு அடியில் ஸ்கேட் என்கிற சறுக்கு அலகு, கிரிக்கெட் கால்கட்டுதான் கவசம். நாலு குளிர்காலம் ஆடினார். கணக்குப் பார்த்தால் வாழ்க்கையில் அவர் ஐஸ் மேல் நின்ற நேரமெல்லாம் சேர்த்து ஒரு மாதம்கூட வராது. அந்த ஒரு மாதம்தான் மீதி அறுபத்தேழு வருஷத்தையும் தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டு போகிறது.

கால்கட்டின் வார் முழங்காலுக்குப் பின்னால் அறுக்கும். இப்போதும் அறுத்தது, கம்பளிப் போர்வைக்குள், எந்த வாரும் இல்லாமல். அவர் காலை நீட்டிக்கொண்டார். வெயில் இன்னும் யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால்தான் இருந்தது. இந்தத் தேசத்துக்கு வந்ததே பனி இல்லாத இடம் என்றுதான். மதுரையில் இறங்கியபோது சித்திரை மாதம், ரோட்டு மண் செருப்பைத் தாண்டிச் சுட்டது, அப்பாடா என்று இருந்தது. மலை ரோடு அளக்கிற வேலை. சங்கிலி பிடிக்கிற ஆட்களிடம் தமிழ் கற்றுக்கொண்டார், அதனால் அவர் தமிழில் மரியாதை குறைவு, தெளிவு ஜாஸ்தி. அளந்துகொண்டே மேலே ஏறி வந்து ஒரு ஜனவரியில் இங்கே கூடாரத்துக்கு வெளியே வாளித் தண்ணீர் மேல் வெள்ளையாக ஒரு தோல் படர்ந்திருந்ததைப் பார்த்தார். விடியுமுன்னே ஏரிக்கு ஓடினார். ஏரி உறையவில்லை, பால் காய்கிற மாதிரி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. உறையவில்லையே என்று வருத்தமா, உறையவில்லை என்று நிம்மதியா, இன்றுவரை தெரியாது. ஆனால் ரிட்டையர் ஆனதும் இங்கேதான் வந்து உட்கார்ந்தார். எதிலிருந்து ஓடி வந்தாரோ அதையே தினமும் தாம்பாளத்தில் ஊற்றி வைத்துக்கொண்டு.

கடிதத்தை எடுத்தார். படிக்க வேண்டியதே இல்லை, வரி வரியாகத் தெரியும். பழைய ஆட்டக்காரர்களைப் பற்றி லண்டனில் ஒரு புத்தகம் போடுகிறார்கள். அதில் அவருக்கு ஒரு பாரா. பாராவில் இரண்டு சேதி. ஒன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தில் சுவிட்சர்லாந்து மலை ஊர் ஒன்றில் நடந்த கோப்பைப் போட்டியில், கடைசி நிமிஷத்தில், உள்ளூர்க்காரர் எமில் ரோஷா தீட்டிக் கொடுத்திருந்த ஸ்கேட் வழுக்கியதால் தர்ஸ்டன் கீழே விழுந்தார் என்றும், அந்த அதிர்ஷ்டமான விழுதலே கோலைத் தடுத்துக் கோப்பையை வாங்கித் தந்தது என்றும். மற்றது, எதிரணியில் ஆடிய அதே ரோஷா தோல்வியைத் தாங்க மாட்டாமல் நடுவர்மேல் மட்டையை எறிந்து, ஆட்டத்திலிருந்தே விலக்கப்பட்டார் என்று. கீழே பதிப்பாசிரியர் கையால் எழுதியிருந்தார். ரோஷா போன வருஷம் இறந்துவிட்டார். மகள் அந்த ஊரில் இன்னும் ஸ்கேட் தீட்டுகிற கடை நடத்துகிறாள். எங்கள் கடையில் தீட்டிய அலகு வழுக்காது, அப்பா சாகிறவரை அதையேதான் சொன்னார், அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்கு ஆடியவர்களில் உயிரோடு இருப்பது நீங்கள் ஒருவர்தான். நீங்கள் சொன்னால் எடுக்கிறோம். இந்த மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் இருக்கிறபடியே அச்சாகும். இருக்கிறபடியே. அதுதான் வசதி. ஒன்றும் செய்ய வேண்டாம். கையெழுத்துக்கூடப் போட வேண்டாம். இந்த நாற்காலியில் பதினோரு மணி வரை இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும், பை கட்டிவிடுவார்கள், இன்னொரு தரம் பொய் சொல்லி முடிந்துவிடும், வாயைத் திறக்காமலே.

பொய்யா? ஒரே ஒரு வார்த்தை. அதைப் பொய் என்று சொல்ல வேண்டுமா? அந்தக் காலத்து விதி அப்படி. கோல் கீப்பர் நின்றபடிதான் தடுக்க வேண்டும். படுக்கக் கூடாது, உட்காரக் கூடாது, மண்டியிடக் கூடாது. தானாக வழுக்கி விழுந்தால் குற்றமில்லை. தெரிந்து மண்டியிட்டால் எதிரணிக்குக் கோல். இது விழுதலா அது மண்டியிடலா என்று யார் பார்த்துச் சொல்லுவது? கோலுக்கு வலை கிடையாது, இரண்டு கம்புதான். கம்புக்குப் பின்னால் கறுப்பு ஓவர்கோட்டு போட்ட நடுவர் ஒருவர் நிற்பார், அவர் மூக்குக்கண்ணாடியில் பனி படர்ந்திருக்கும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஆடியவனையே கேட்டுவிடுவது. கனவான்கள் ஆடுகிற ஆட்டம், கனவான் பொய் சொல்ல மாட்டான் என்று. தர்ஸ்டன், விழுந்தீர்களா, மண்டியிட்டீர்களா? அவ்வளவு மரியாதையாகக் கேட்டார். அவர் கொஞ்சம் அதட்டிக் கேட்டிருந்தால்கூட உண்மை வந்திருக்கும். நாற்பத்து நாலு வருஷமாக அந்த மரியாதையான குரல்தான் காதில் நிற்கிறது. வழுக்கிவிட்டது என்றார். வழுக்கிவிட்டது. என்ன வழுக்கியது? கால். எதன் மேல்? ஐஸ் மேல். ஐஸ் வழுக்காதா? வழுக்கும். அப்படியானால் பொய்யில்லை. இப்படி எத்தனை ஆயிரம் தடவை சுற்றியாயிற்று, சுற்றிச் சுற்றி வந்து ஓர் இடத்தில் தட்டி நின்றுவிடும். அந்த இடத்தில் எமில் உட்கார்ந்திருப்பான். ஓட்டல் சமையலறையில், ஜன்னல் பக்கம், மடியில் சாக்கு விரித்து. லயனலுடைய ஸ்கேட்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இதை வைத்துக்கொண்டு நீ ரொட்டிகூட அறுக்க முடியாது என்று சிரித்தான். எண்ணெய் விட்ட கல்லில் அலகைச் சாய்த்து இழுத்தான், ஒரே சாய்வு, ஒரே அழுத்தம், சத்தமே வராமல். அவனும் இவருக்கு எதிராகத்தான் அன்று சாயங்காலம் ஆடப்போகிறான். எதிராளியின் ஸ்கேட்டைத் தீட்டிக் கொடுக்கிறாயே என்று கேட்டதற்கு, உன் ஸ்கேட் மொண்ணையாக இருந்து நான் ஜெயித்தால் அது ஜெயிப்பா என்றான். கட்டை விரல் நகத்தை அலகில் வைத்து இழுத்துக் காட்டினான், நகம் பொடியாக உதிர்ந்தது. நான் தீட்டினதில் யாரும் வழுக்கி விழுந்ததில்லை, நீயும் விழ மாட்டாய் என்றான்.

விழவில்லை. அதுதான் விஷயம். எமில் இரண்டு பேரைத் தாண்டித் தனியாக வந்தான். வட்டு அவன் மட்டையில் ஒட்டிக்கொண்ட மாதிரி. இடது ஓரம், தரையோடு அடிக்கப் போகிறான் என்று தோள் சாய்ந்ததிலேயே தெரிந்தது. நின்றபடி எட்டாது. அதுவும் தெரிந்தது. அந்த அரைக் கணத்தில் அவ்வளவு இடம் இருந்தது. அலகு உறுதியாகப் பிடித்துக்கொண்டு நின்றது, வேண்டுமானால் அங்கே நின்றுகொண்டு ஒரு கடிதமே எழுதியிருக்கலாம். அப்புறம் முழங்கால் மடிந்தது. அவர்தான் மடக்கினார். கால்கட்டு விலகிய இடத்தில் துணி வழியாக முழங்காலில் குளிர் ஏறியது, வட்டு தொடையில் வந்து பட்டென்று விழுந்தது, தலை நிமிர்ந்தால் எமிலின் முகம். கோபமே இல்லை முதலில். ஆச்சரியம். தன் கண்ணெதிரில் தன் வேலை மோசம் போய்விட்டதோ என்று ஒரு கணம் அவன் பார்வை இவர் காலின் அலகுக்குப் போனது. அலகு நன்றாக இருப்பதைப் பார்த்தான். அப்புறம்தான் கத்தினான். மண்டியிட்டான், மண்டியிட்டான் என்று. நடுவர் கேட்டார். இவர் சொன்னார். மட்டை பறந்தது.

வெயில் வந்துவிட்டது. தாம்பாளத்தின் ஓரத்தில் ஐஸ் பித்தளையிலிருந்து விலகி, ஒரு நூல் அளவு தண்ணீர் அதைச் சுற்றி ஓடியது. ஸ்டூலை நகர்த்தலாம். நகர்த்தவில்லை. உள்ளே சலேத் பாத்திரம் தேய்த்துக்கொண்டே மாதா பாட்டு ஒன்றை முனகினாள். பாதியில் நிறுத்தி, “எழுதியாச்சா?” என்றாள்.

“யோசிக்கிறேன்.”

“ரோடு போடவா போறீங்க, கடுதாசிதான!”

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. குடை கொண்டுவந்து இங்கிலீஷ் கோயில் வாசலில் நின்றிருந்தாள். திரும்பி வரும்போது குடையை அவர் பக்கம் சாய்த்தபடி கேட்டாள்: “கோவிச்சுக்காதீங்க தொரே. எல்லாரும் முட்டி போட்டிருக்காங்க, நீங்க மட்டும் நட்டு வச்ச கம்பு மாதிரி நின்னீங்க. முட்டியில அடிபட்டிருக்குன்னு சொல்றீங்க. ஆனா கேரட்டுக்குன்னா குத்தவைக்க மடங்குது, சாமிக்குன்னா மடங்க மாட்டேங்குதாக்கும்?” அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இந்த மூன்று மாதமாகக் கேரட் பாத்திப் பக்கமே போகவில்லை, அதுவும் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் இன்றைக்கு நாலு கேரட் கேட்கிறாள். முழங்காலில் ஒன்றுமில்லை. அந்தக் காலத்து விளையாட்டில் அடிபட்டது என்று பாதிரியாரிடம் சொன்னார், கிளப்பில் சொன்னார், பரிதாபப்பட்டார்கள். உண்மையில் அடிபடவேயில்லை. கோப்பை வாங்கிய மறுநாள் ஞாயிறு. ஓட்டல் கூடத்தில் ஜெபம். எல்லோரும் மண்டியிட்டார்கள், அவரும் போனார், முழங்கால் தரையைத் தொட்ட உடனே அந்தக் குளிர் துணி வழியாக ஏறியது. கம்பளம் விரித்திருந்த மரத்தரை, பக்கத்திலேயே கணப்பு. ஆனாலும் ஐஸ். எழுந்து நின்றுவிட்டார். அன்றிலிருந்து ஆண்டவர் முன்னாலும் நின்றுகொண்டுதான் தடுத்துக்கொண்டிருக்கிறார், ஒன்றும் உள்ளே வராதபடி. விதி மீறவே இல்லை.

கல்லறையில் இருக்கிற தன் அணிக்காரர் ஆறு பேரை நினைத்தார். இது பழகிய பாதை. இங்கே வந்தால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். நான் சொல்லிவிட்டால் அவர்கள் கோப்பை என்ன ஆகும்? இரண்டு பேர் யுத்தத்தில் போனார்கள். கேப்டன் பெர்சியின் அம்மா அந்தப் பதக்கத்தை மகனுடைய படத்தில் மாட்டி வைத்திருந்தாள், யுத்தம் முடிந்து லீவில் ஊருக்குப் போய்ப் பார்த்தபோது, நீதானே அந்த விழுந்த பிள்ளை என்று கன்னத்தைத் தொட்டாள். செத்தவர்களிடமிருந்து பிடுங்குவதா? என் மனச்சாட்சிக்காக அவர்கள் பங்கை நான் எப்படிக் கொடுப்பேன்? நியாயம்தானே. எப்போதும் இந்த நியாயத்தில்தான் வந்து முடியும், போர்வையை இழுத்துவிட்டுக்கொள்வார், தூக்கம் வரும். இன்றைக்கு ஏனோ பெர்சியின் முகம் சும்மா இருக்கவில்லை. கோப்பைக்கு முந்தின குளிர்காலம் லண்டனில் ஒரு ஆட்டம், பெர்சி அடித்த கோலை நடுவர் கொடுத்துவிட்டார், எல்லோரும் கை தட்டுகிறார்கள், பெர்சி நேராக நடுவரிடம் போய், வட்டு கம்புக்கு வெளியேதான் போனது, நான் பார்த்தேன் என்றான். அந்த ஆட்டத்தில் தோற்றார்கள். உடைமாற்றுகிற அறையில் ஒருத்தன் அவனைத் திட்டினான். பெர்சி ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டே, எனக்கு வெளியே போனது தெரிந்துவிட்டது, அப்புறம் நான் என்ன செய்ய என்றான். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். இது எப்படி இத்தனை வருஷம் நினைவுக்கு வராமல் இருந்தது? பெர்சியிடம் அன்றைக்கே சொல்லியிருந்தால் கோப்பையை அவனே மூட்டை கட்டித் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பான். அவனைப் போய் என் முன்னால் தடுப்பாக நிறுத்தி வைத்திருக்கிறேன். செத்தவனுக்கு நகரத் தெரியாது என்று.

பயமாக இருந்தது. என்ன பயம் என்று பார்த்தார். புத்தகத்தில் பெயர் கெடும் என்பதா? அதை எத்தனை பேர் படிக்கப் போகிறார்கள். கிளப்பில் நாலு கிழவர்கள் பேசுவார்கள், அவர்களுக்கும் மத்தியானத்துக்குள் மறந்துவிடும். அதில்லை. வழுக்கிவிட்டது என்று சொன்னவன் ஒருத்தன் இத்தனை வருஷம் இந்த உடம்பில் இருந்திருக்கிறான், ரோடு அளந்திருக்கிறான், சம்பளம் வாங்கியிருக்கிறான், கலியாணம் வேண்டாம் என்று இருந்திருக்கிறான், அவனை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன நிற்கும்? நிற்குமா? விருந்துகளில் அவரை எழுப்பிவிட்டு, எங்கே, அந்த விழுகையை ஒரு தரம் செய்து காட்டு என்பார்கள். செய்து காட்டினார். ஒரு குளிர்காலம் முழுக்க. கைகளை விரித்து, கண்ணை உருட்டி, வழுக்கி, சிரிப்பு, கை தட்டல். நிஜமாக நடக்காத ஒன்றை அத்தனை தடவை செய்து பழகியதில் கடைசியில் நன்றாகவே விழ வந்துவிட்டது. அதற்கடுத்த மாதம் கப்பல் டிக்கெட் வாங்கினார். எமிலிடம் யாரும் ஒன்றும் செய்து காட்டச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஸ்கேட் தீட்டக் கொடுக்க வந்தவர்கள் கடை வாசலில் நின்று, இங்கே தீட்டினால் வழுக்குமாமே என்று விளையாட்டாக ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். விளையாட்டாகத்தான். நாற்பத்து மூன்று வருஷம்.

தாம்பாளத்தில் இப்போது நடுவில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு ஐஸ் மிதந்தது. அதன் கீழே பித்தளை பொன்னாகத் தெரிந்தது. பத்தரை இருக்கும். கேரட் பிடுங்க வேண்டும் என்று எழுந்தார். யோசனையிலிருந்து தப்பிக்க ஒரு வேலை கிடைத்தது என்றுதான் எழுந்தார், வேறொன்றுமில்லை. பாத்தியில் வெள்ளைப்பனி கரைந்து மண் கறுப்பாக ஈரமாக இருந்தது. மூன்று மாதப் பழக்கம் விட்டதில் குத்தவைக்க வரவில்லை, குனிந்து பார்த்தார், கிழங்கு எட்டவில்லை, இலைதான் பிய்ந்து கையோடு வந்தது. நின்றபடி எட்டாது. இது தெரிந்த அரைக் கணம். இங்கேயும் இடம் இருந்தது. ஊரில் எங்கேயோ மணி அடித்தது, மரத்தில் ஒரு குருவி கத்தியது, ஒருவரும் கேட்கவில்லை, ஓவர்கோட்டுக்காரர் யாரும் பின்னால் நிற்கவில்லை. இடது முழங்காலை மடக்கினார். பிறகு வலது. துணி வழியாகக் குளிர் ஏறியது. அதே குளிர்தான், ஒரு மாற்றமும் இல்லை. ஏறட்டும் என்று இருந்தார். தொடை வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. வராது போலிருக்கிறது. இவ்வளவுதானா என்று இருந்தது. ஒரு கேரட்டைப் பிடுங்கினார். மண்ணைத் துடைத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

“தொரே, மணி ஆச்சு” என்று சலேத் துணிப்பையோடு வந்தவள் அவரைப் பார்த்து நின்றுவிட்டாள். “என்னா ஆச்சு? விழுந்துட்டீங்களா?”

அவளும் கேட்டுவிட்டாள். மரியாதையாக இல்லை, பதறிப்போய். அவர் தலையை ஆட்டினார். “விழல. முட்டி போட்டேன்.”

“அதான, ஒரு நிமிசம் பயந்தே போனேன்.”

“இன்னிக்கு இல்ல, சலேத்து. அன்னிக்கு.”

“என்னிக்கு?”

“நாப்பத்து நாலு வருசத்துக்கு முந்தி. ஐஸ் மேல. வெளையாட்டுல. முட்டி போடக் கூடாதுன்னு சட்டம். போட்டேன். கேட்டாங்க. வழுக்கிருச்சுன்னு சொல்லிட்டேன்.”

சலேத் பையைக் கீழே வைத்தாள். அவள் யோசிக்கிறபோது மூக்குத்தியைத் திருகுவாள். “முட்டி போடக் கூடாதுன்னு ஒரு சட்டமா? என்னா வெளையாட்டோ. எங்க பள்ளிக்கூடத்துல பொய் சொன்னாத்தான் சிஸ்டரு முட்டி போடச் சொல்லுவாங்க. நீங்க முன்னாடியே முட்டி போட்டுட்டு அப்புறமாப் பொய் சொல்லியிருக்கீங்க. தலைகீழால்ல இருக்கு.”

அவர் சிரித்துவிட்டார். வயிறு குலுங்கிற்று, கண்ணில் தண்ணீர் வந்தது, கேரட்டுப் பிடித்த கையால் துடைத்ததில் கன்னமெல்லாம் மண். அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, “இதுனால யாருக்கும் கெடுதியா?” என்று கேட்டாள்.

“என் ஸ்கேட்டத் தீட்டிக் குடுத்தவனுக்கு. அவன் தீட்டினது சரியில்ல, அதான் நான் விழுந்தேன்னு ஆயிருச்சு. அவன் வேலைக்கே கெட்ட பேரு.”

“பாவி மனுசா” என்றாள். வாயில் வந்துவிட்டது, துரை என்று பார்க்கவில்லை. “அவரு இருக்காரா?”

“செத்துட்டான். மக இருக்கா. அதே கடைதான் வச்சிருக்கா. அவதான் கேட்டு எழுதியிருக்கா.”

“அப்ப அந்தப் புள்ளைக்குச் சொல்லுங்க. எங்கய்யா கொத்தனாரு. அவரு கட்டின செவுரு சாஞ்சிருச்சுன்னு எவனாச்சும் பொய் சொல்லியிருந்தா எனக்குச் சோறு எறங்குமா? இதுக்குப் போயி மூணு வாரமா யோசிக்கிறீங்க!”

“காயிதம் எடுத்துட்டு வா. பேனாவும். வெரசா.”

ஓடினாள். காகிதம், பேனா, கவர் எல்லாம் கொண்டுவந்தாள். வைத்து எழுத ஒன்றும் இல்லை என்று திரும்ப ஓடி, தாம்பாளத்துத் தண்ணீரைக் கேரட்டுக்கே ஊற்றிவிட்டு, சேலைத் தலைப்பால் துடைத்துக் கவிழ்த்துப் பிடித்தாள். அதில் ஐஸ் மிச்சம் இருந்ததா என்று அவர் பார்க்கவில்லை. பித்தளையின் சில்லிப்பு காகிதம் வழியாகக் கையில் ஏறியது. எழுத நாலே வரிதான் இருந்தது. அலகில் ஒரு குற்றமும் இல்லை. நான் தெரிந்துதான் மண்டியிட்டேன், கேட்டபோது பொய் சொன்னேன். எமில் ரோஷா சொன்னதுதான் உண்மை. அவர் மகளுக்கு இதை அப்படியே காட்டுங்கள். பெயர் எழுதினார். விலாசம் எழுதி ஒட்டிக் கொடுத்தபோது கவரில் ஒரு மூலையில் மண் ஒட்டியிருந்தது. சலேத் துடைக்கப் போனாள், பிறகு அப்படியே இருக்கட்டும் என்று பைக்குள் வைத்தாள்.

“மணி பத்தே முக்கால். குறுக்கு வழியாப் போனாப் புடிச்சிரலாம். வாங்க, எந்திரிங்க, மண்ணு ஈரமா இருக்கு, சளி புடிச்சுக்கும்.”

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். இடது கால் உதறியது, வலது கால் கேட்கவில்லை. இத்தனை வருஷம் அடிபட்டிருக்கிறது என்று சொன்ன முழங்கால் இப்போதுதான் முதல் தரம் நிஜமாக வலித்தது. அது அவருக்குப் பிடித்துக்கூட இருந்தது. மறுபடி மண்ணிலேயே ஊன்றிக்கொண்டார்.

“நீ போ. பையக் கட்டிரப் போறாங்க.”

“உங்கள இப்பிடியே விட்டுட்டா?”

“இப்பிடியே இருக்கேன். கொஞ்ச நேரம் இருக்கணும்போல இருக்கு.” அவர் கையில் இருந்த கேரட்டை அவள் பைக்குப் பக்கத்தில் வைத்தார். “போட்டுட்டுத் திரும்பி வந்து ஒரு கை குடு, சலேத்து. தானா எந்திரிக்க முடியாது.”